கேப்டனின் மனைவி: கரையிலா, கப்பலிலா?

அமெரிக்காவின் நீராவிப் படகுக் காலத்தில் கேப்டனை மணந்தவளுக்கு வழி இரண்டுதான். கரையில் வீட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது, அல்லது கூடவே படகில் ஏறிவிடுவது.

முதல் வழிக்கு மிசூரி ஆற்றுக் கேப்டன் கிராண்ட் மார்ஷின் குடும்பம். குடும்பம் கரையில், அவரோ சீசன் முழுக்க ஆற்றில். 1876-ல் அமெரிக்க ராணுவமும் பூர்வகுடிகளும் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போரில் காயம்பட்ட படைவீரர்களை 'ஃபார் வெஸ்ட்' படகில் ஏற்றி, சுமார் 700 மைலை 54 மணி நேரத்தில் கடந்து பிஸ்மார்க் நகரம் சேர்த்தார். மணல்திட்டும் மூழ்கிய மரங்களும் நிறைந்த ஆறு அது. அந்தப் பேர் அவருக்கு. வீட்டில் காத்திருந்தவளைப் பற்றி ஊர் பேசவில்லை.

இரண்டாம் வழிக்கு ஒஹாயோ ஆற்று மேரி பெக்கர் கிரீன். 1890-ல் கேப்டன் கார்டன் கிரீனைக் கல்யாணம் செய்துகொண்டு படகிலேயே குடித்தனம் வைத்தார். கணவர் பக்கத்தில் நின்று சுக்கான் பிடிக்கப் பழகினார். ஒவ்வொரு வளைவும் ஆழமும் மனப்பாடமாக இருந்தால்தான் பைலட் உரிமம், அதாவது படகை ஆற்றில் வழிநடத்தும் உரிமம். 1896-ல் அதை வாங்கினார். மறு வருடமே கேப்டன் உரிமமும். வீட்டுக்கு இரண்டு கேப்டன் என்றானபின் கணவர் ஒரு படகு, மனைவி ஒரு படகு! தொழிலும் வளர்ந்தது. 1904-ல் ஆறு உறைந்து 'கிரீன்லாந்து' படகு சிக்கிக் கிடந்தபோது, மகன் டாம் அதிலேயே பிறந்தான்.

சிரமம் இரண்டிலும் உண்டு. பனிக்கட்டிக்கு நடுவே பிரசவம் சாதாரண விஷயமா? இருந்தாலும் என் மனம் மேரி பக்கம்தான். போர் நடந்த மேல் மிசூரியில் குடும்பத்தை ஏற்றுவது ஆபத்து என்பது உண்மை; மார்ஷைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒஹாயோவில் அந்த வழி திறந்திருந்தது, மேரி அதில் துணிந்து போனார்.