கொழுப்பு கரைக்கும் கேப்ஸ்யூல்: 18 நாள் சாப்பிட்டுப் பார்த்தேன்

போன மாதம் வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் ஒரு சப்ளிமென்ட் கடையில் வாங்கினேன். 60 கேப்ஸ்யூல், 1,850 ரூபாய். காலையில் ஒன்று, சாயங்காலம் நடைக்கு முன் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம்.

"சார், இது செல்லுக்குள்ள போய் சுவிட்சைப் போடும், கொழுப்பு தானா எரியும்" என்றான் கடைத் தம்பி. இருபது வருஷமாகப் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவன் நான். சிரித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் அட்டையில் கொட்டை எழுத்தில் 'ஏ.எம்.பி.கே.' என்று பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

அந்தச் சுவிட்ச் பொய்யில்லை. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. செலவாகி, அதன் மிச்சமான ஏ.எம்.பி. கூடினால் ஏ.எம்.பி.கே. என்ற இந்தக் கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் நொதி) விழித்துக்கொள்ளும். கொழுப்பு தயாரிப்பில் முக்கியமான அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற நொதி மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதை அடக்கிவைக்கும். அதனால் அந்த நொதி தயாரிக்கும் மலோனைல் கோ-ஏ குறையும். அது குறைந்தால்தான் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா வாசலில் நிற்கும் சி.பி.டி.-1 என்ற நொதி வழிவிடும், கொழுப்பு அமிலம் உள்ளே போய் எரியும். இப்படிப் பாஸ்பேட்டை ஒட்டியும் பிரித்தும் செல் வேலை வாங்குவதைக் கண்டதற்குத்தான் 1992-இல் ஃபிஷருக்கும் கிரெப்சுக்கும் நோபல். (இவர் எட்வின் கிரெப்ஸ். 'கிரெப்ஸ் சுழற்சி'க்காரர் ஹான்ஸ் கிரெப்ஸ் வேறு ஆள். வருஷா வருஷம் விடைத்தாளில் இருவரையும் ஒட்டவைத்துவிடுகிறார்கள்.)

சரி, கேப்ஸ்யூலில் என்ன இருக்கிறது? மரமஞ்சளில் உள்ள பெர்பெரின், பச்சைத் தேயிலைச் சாறு, 100 மி.கி. காஃபீன். ஆய்வகத்துச் செல்களில் பெர்பெரின் ஏ.எம்.பி.கே.யைக் கிளப்பும். வாய் வழியாகச் சாப்பிட்டால் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம். இதை அட்டை சொல்லாது.

காஃபீன் மட்டும் தன் வேலையைச் செய்தது. சாயங்காலம் 6 மணிக்குப் போட்டுவிட்டு, ராத்திரி 2 மணிக்குச் சத்துவாச்சாரி வீட்டில் படுத்தபடி ஹைவேயில் போகும் லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். காஃபீன் அட்ரினலினை ஏற்றும், அது பி.கே.ஏ. என்ற இன்னொரு கைனேஸைக் கிளப்பும்; கொழுப்பணுவில் கொழுப்பு உடையும். ஆனால் உடைவது வேறு, எரிவது வேறு. கோட்டை அகழி ஓரம் அரை மணி நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால், வெளியே வந்த கொழுப்பு அமிலத்தில் பெரும்பகுதி திரும்ப ட்ரைகிளிசரைடாகி, அதாவது சேமிப்புக் கொழுப்பாகி, அடைந்துகொள்ளும். நானோ ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியை விடவில்லை. சோறு இறங்கியதும் இன்சுலின் ஏறும், கொழுப்பு உடைவதையே நிறுத்திவிடும்.

மருந்துக்கடை வாசல் மெஷினில் 81.4 கிலோ 80.9 ஆனது. செருப்பைக் கழற்றினாலே அவ்வளவு குறையும்.

பி.பி. மாத்திரை எழுதித் தரும் டாக்டரிடம் காட்டியதும், "கேட்காம எப்படிப் போட்டீங்க?" என்று கடிந்துகொண்டார். பெர்பெரின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளிலும் கை வைக்குமாம். அன்றோடு நிறுத்தினேன். "ஏங்க, அந்தப் பணத்துக்கு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயா வாங்கியிருந்தா வருஷம் பூரா வந்திருக்கும்" என்றாள் வீட்டில்.

5-க்கு 2. பிரித்த டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். 24 கேப்ஸ்யூல் பாக்கி. அட்டையை மட்டும் வெட்டி வகுப்புக்கு எடுத்துப்போனேன். ஏ.எம்.பி.கே. படம் நான் போர்டில் போடுவதைவிடத் தெளிவாக இருக்கிறது.