கணவரின் கைப்பேசியைக் காட்டுகிறோம் என்று சொல்லி என்னிடம் 27,169 ரூபாய் பறித்துவிட்டார்கள்

பணம் போய் ஐந்து நாள்கள்தான் ஆகின்றன. கோபம் தணிந்த பிறகு நிதானமாக எழுதலாம் என்று நினைத்தேன். ஆனால் கோபம் தணிந்தால் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு ஒரு வரிகூட எழுத விடாது என்று தெரிந்ததால் இப்போதே எழுதுகிறேன். நான் வடசென்னையில், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வசிப்பவள். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கணவர் மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் இழந்தது 27,169 ரூபாய். அதில் 25,000 ரூபாய் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்த சீட்டுப் பணம். மீதி தையலில் வந்தது. ஏமாற்றியவர்களின் பெயரை எழுதவில்லை, எழுதினாலும் பயனில்லை, இந்நேரம் வேறு பெயர் வைத்திருப்பார்கள். துணைவரின் சமூக ஊடகக் கணக்குகளை அவருக்குத் தெரியாமல் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்யும் இணையச் சேவைகளில் ஒன்று என்பது மட்டும் போதும். என்னைப் போல் மாட்டிக்கொண்டால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவருடைய கைப்பேசியை நான் எடுத்துப் பார்த்ததே இல்லை. அதற்கு அவசியமும் இருந்ததில்லை. பிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடக்கும், மணி அடித்தால் மகள் எடுத்துப் பேசுவாள். நான்கு மாதங்களாக அது பிரிட்ஜின் மேல் கிடப்பதில்லை. இரவு ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது தலையணைக்கு அடியில் போகிறது, குளிக்கப் போகும்போது கூடவே போகிறது, திரைப்பூட்டைத் திறக்க வரையும் கோலமும் மாறிவிட்டது. இன்ஸ்டாகிராமில் புதிதாக ஒரு கணக்கு. யார் என்று ஒருமுறை கேட்டேன். "ஆபீஸ் குரூப்பு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே. நம்பிக்கை இல்லாத இடத்தில் ஏன் குடும்பம் நடத்துகிறாய் என்று கேட்க வருபவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குச் செல்லலாம்.

கணவரின் வாட்ஸ்அப்பைப் பார்ப்பது எப்படி என்று ஒரு மதியம் தேடிவிட்டேன். அதற்குப் பிறகு நான் தேட வேண்டியிருக்கவில்லை, அவர்களே தேடி வந்தார்கள். பூட்டின் மேல் ஒரு கண் வரைந்த படம், கீழே தமிழில் 'உங்கள் குடும்பம், உங்கள் உரிமை' என்ற வரி. எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் ஒரு பெண் அழைத்தாள். "அக்கா, நீங்க பயப்படாதீங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் உங்கள மாதிரி குடும்பப் பொம்பளைங்கதான். அவரு போனைத் தொடவே வேணாம், நம்பர் மட்டும் போதும். நாளைக்குக் கோர்ட்டு கேஸுன்னு போனாக்கூட இதை ஆதாரமா காட்டலாம்" என்றாள். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குக்கர் விசில் அடித்தது. "ஒரு நிமிஷம்க்கா, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்" என்று போய்விட்டு வந்தாள். நான் அவளை நம்பியது அந்த விசிலால்தான். சோற்றையும் பார்த்துக்கொண்டு வேலையையும் பார்க்கிற ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று தோன்றிவிட்டது. பிறகு ஓர் இரவு, அவர் ஷிப்டுக்குப் போயிருந்தபோது, பதினொரு மணிக்கு அவள் அழைத்தாள். அப்போதும் குக்கர் விசில் அடித்தது, அப்போதும் அடுப்பை அணைக்கப் போனாள். அந்த நேரத்தில் யார் வீட்டில் சோறு வேகிறது என்று நான் யோசிக்கவில்லை.

முதலில் பதிவுக் கட்டணம் 1,999 ரூபாய். கட்டியதும் 'மாதிரி' என்று ஒரு படம் அனுப்பினார்கள்: என் கணவரின் முகப்புப் படம், எதிரே இதயக்குறி போட்ட ஒரு பெயர், நடுவில் மங்கலாக்கப்பட்ட உரையாடல். வயிற்றைக் கலக்கியது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் மங்கலை நீக்கத்தான் பணம் கட்டுவார்கள். முழுத் திட்டத்துக்கு 6,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1,170, திருப்பித் தரப்படும் பாதுகாப்பு வைப்புத் தொகை என்று 9,000, கடைசியாகப் பூட்டைத் திறக்க 8,500. ஒவ்வொன்றும் இதுதான் கடைசி என்றே கேட்கப்பட்டது. மொத்தம் 27,169 ரூபாயை நானே என் விரலால், என் யுபிஐ பின்னைப் போட்டு அனுப்பினேன்.

அந்த மாதிரிப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தால் மேல் மூலையில் இருக்கும் பேட்டரிக் குறி ஐபோனுடையது. என் கணவர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. முகப்புப் படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்று அவர் விட்டிருக்கிறார். எண் தெரிந்த எவரும் அதை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதலே இரு முனைகளுக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் போகின்றன; வெறும் எண்ணை வைத்துக்கொண்டு வெளியாள் ஒருவர் நடுவில் புகுந்து படிக்க முடியாது. இன்னொரு கருவியில் பார்ப்பதற்கும் அந்தக் கைப்பேசியைக் கையில் எடுத்து, பூட்டைத் திறந்து இணைக்க வேண்டும். இணைத்ததும் அவருடைய வாட்ஸ்அப்பில் உள்ள இணைத்த கருவிகளின் பட்டியலில் தெரிந்துவிடும். இவற்றை எல்லாம் எம்.சி. ரோடு பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் காசு வாங்காமல் பத்து நிமிடத்தில் சொன்னார். பத்து நிமிட விவரத்துக்கு நான் கொடுத்த விலை 27,169 ரூபாய்.

அந்தத் தம்பியிடம் போகக் காரணம் வேறு. பணம் கட்டிய பிறகு, செய்திகளைப் பார்ப்பதற்கென்று ஒரு செயலியை இணைப்பாக அனுப்பி என் கைப்பேசியில் ஏற்றச் சொன்னார்கள். தொடர்புகள், குறுஞ்செய்திகள், திரையில் இருப்பதைப் படிக்க விடும் 'அணுகல்தன்மை' என்று அது கேட்ட எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தேன். திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான். கணவரின் கணக்கைப் பார்க்கப் போன நான், என் கைப்பேசியை அடையாளம் தெரியாதவர்களுக்குத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வட்டம் ஏன் சுற்றுகிறது என்று கேட்டபோது சர்வர் பராமரிப்பு என்றார்கள். மறுநாள் காலையில் தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம், 24 மணி நேரம் ஆகும் என்றார்கள். மதியம் மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். மாலை நான்கரை மணிக்கும் அவர் சாப்பிட்டு முடிக்கவில்லை. அக்கா என்று அழைத்தவள் 'மேடம்' என்று மாறினாள், பிறகு அவள் எடுப்பதே நின்று ஓர் ஆண் எடுத்தான். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றேன். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "தாராளமா போங்க மேடம். எங்ககிட்ட நீங்க என்ன கேட்டு வந்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க" என்றான். அடுத்த நிமிடம் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. என் தொடர்புப் பட்டியல். நடுவில் 'அத்தை தண்டையார்பேட்டை' என்று நான் என் மாமியாரின் எண்ணைச் சேமித்திருந்த வரியின் மேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தான். இன்னும் 15,000 அனுப்பினால் எதுவும் வெளியே போகாதாம்.

அந்த 15,000 ரூபாயை நான் அனுப்பவில்லை. கையில் இல்லை என்பதுதான் காரணம், துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புடவைக் கடையில் ஏமாந்தால் தெருவே கேட்கச் சத்தம் போடலாம். இங்கே வாங்க வருகிறவள் வரும்போதே வாயைப் பொத்திக்கொண்டுதான் வருகிறாள், அதனால் அவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை. என் கணவர் எதை மறைக்கிறார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் மறைப்பது மட்டும் அவர்களுக்கு முழுசாகத் தெரியும்.

முகம் வாடியிருப்பதைப் பார்த்து அவரே கேட்டார். ஆரி வேலைக்கு மணியும் ஜரிகையும் ஆன்லைனில் வாங்கப் போய் ஏமாந்துவிட்டேன் என்று பாதி உண்மை சொன்னேன். திட்டவில்லை. "உடனே 1930க்குப் போடு, லேட் பண்ணாத" என்று அவர் கைப்பேசியை எடுத்து, இணைய மோசடிப் புகாருக்கான அந்த அரசு உதவி எண்ணை அவரே அழுத்தப் போனார். நான் பிடுங்காத குறையாகத் தடுத்தேன். அவர் பக்கத்தில் இருக்கும்போது எதற்காகப் பணம் கட்டினேன் என்று எப்படிச் சொல்வது? மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகுதான் அழைத்தேன். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் நிறுத்தி வைக்க முடியும் என்பதால்தான் உடனே அழைக்கச் சொல்கிறார்கள். நானோ ஓர் இரவு முழுவதையும் அவர்களுக்கு இனாமாகக் கொடுத்தேன். புகார் எண் வந்திருக்கிறது. வங்கிக் கிளையில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பியிருக்கீங்களே மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரின் பாஸ்புக்கை வாங்கிக்கொண்டார்கள்.

கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டலாம் என்று அவள் சொன்னது பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் உயர் நீதிமன்ற வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கும் பெரியவரிடம், யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அழைப்பு விவரங்களை ஆதாரமாக ஏற்க முடியாது, அது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. ரகசியமாகப் பதிவு செய்த கணவன் மனைவி பேச்சைத் திருமண வழக்கில் ஆதாரமாகக் கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. "ஆனா அடுத்தவங்க கணக்கை ஆள் வெச்சு ஒடைக்கிறது வேறம்மா" என்றார் அவர். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர்கள் சொன்னதைச் செய்து கொடுத்திருந்தால் நானும் குற்றவாளியாகியிருப்பேன்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கணவர் வரும் நேரமாகிவிட்டது. சுருக்கமாக: எண் மட்டும் போதும் என்று சொன்னால் அங்கேயே அழைப்பைத் துண்டியுங்கள். இணைப்பில் வரும் செயலியை ஏற்றாதீர்கள். ஏற்றியிருந்தால் இணையத்தை அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள், என்னுடையதில் அந்தச் செயலிக்குப் போயிருந்த கருவி நிர்வாகி அனுமதியை ரத்து செய்த பிறகுதான் அதை நீக்கவே முடிந்தது. மிரட்டினால் பணம் அனுப்பாதீர்கள், படங்களைச் சேமித்து வையுங்கள். 1930க்கு அன்றே அழையுங்கள், யார் பக்கத்தில் இருந்தாலும்.

நேற்று இரவு என் கைப்பேசியில் அதே பூட்டும் கண்ணும் மறுபடி விளம்பரமாக வந்தன, வேறொரு பெயரில். விளம்பரத்தைக் காட்டிய தளத்திடமே உடனே புகார் அளித்தேன். விதிமுறைகளுக்கு எதிராக எதுவும் காணப்படவில்லை என்று இன்று காலை பதில் வந்திருக்கிறது.