தயிர், சிறு போத்தல், தூள், கேப்சூல்: எது யாருக்கு, எப்போது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், குடலுக்கு உதவும் "நல்ல கிருமி" (புரோபயாட்டிக்) நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. மளிகைக் கடைக் குளிர்பெட்டியில் சிறு போத்தல் பானம், மருந்துக்கடையில் கேப்சூல், கோழித் தீனிக் கடையில் தண்ணீரில் கலக்கும் தூள். நான்காவது, பால்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் பாலில் அம்மா உறையூற்றும் தயிர். எல்லாவற்றிலும் லாக்டிக் அமில பாக்டீரியாதானே, எதைக் கொடுத்தால் என்ன என்று நானும் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை பதினொரு கோழிக்குஞ்சுகள்.

வாங்கிவந்தது இருபது. அட்டைப் பெட்டியில் பழைய நாளிதழ் விரித்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் நான்கைந்து குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு அடியில் ஒண்டி நின்றன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினேன். பின்புறத்தில் வெள்ளைக் கழிச்சல் சுண்ணாம்புபோல் காய்ந்து ஒட்டி, வழியையே அடைத்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, தயிரைக் கரைத்துத் தண்ணீர்த் தட்டில் ஊற்றினேன். அடுத்த இரண்டு நாளில் பதினொன்று போய்விட்டன.

தயிர் நஞ்சாகிவிடவில்லை. நான் கொடுத்த பொருளும் தவறு, கொடுத்த நாளும் தவறு. பாலைத் தயிராக்கும் பாக்டீரியா பாலில் வாழப் பழகியது; குஞ்சின் குடலில் தங்கி வேரூன்றும் இனம் அதுவன்று. நாளோ அதைவிட முக்கியம்.

1973இல் பின்லாந்தின் நூர்மியும் ரன்தலாவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நலமாக உள்ள பெரிய கோழியின் குடலில் வாழும் பாக்டீரியாவை அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள்; பிறகு சால்மொனெல்லா கிருமியைக் கொடுத்தபோது அந்தக் குஞ்சுகள் பெருமளவு தப்பின. இயற்கையில் குஞ்சு தாய்க்கோழியின் காலடியில் கிளறித் தின்று அந்த நல்ல கூட்டத்தைப் பெற்றுக்கொள்கிறது. பொரிப்புப் பெட்டியில் பிறந்த குஞ்சுக்குத் தாயே கிடையாது. அதன் குடல் வெறும் நிலம். முதலில் வந்தது குடியேறிவிடும்.

செம்பனை மறுநடவைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பழைய மரங்களைச் சாய்த்து நிலம் வெறுமையானதும், கன்று நடுவதோடு மூடுபயிர் விதையையும் தூவிவிடுவார்கள். புவராரியா கொடி முதலில் படர்ந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டால் லாலாங் என்ற களைப்புல்லுக்கு இடமில்லை. லாலாங் வேர் ஓடிய பிறகு அதே விதையை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயன் குறைவு. குடலிலும் நடப்பது இதுதான். நல்ல பாக்டீரியா குடல் சுவரில் ஒட்டும் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்கிறது, அமிலத்தைச் சுரந்து கெட்ட கிருமிக்கு ஒவ்வாத சூழலை உண்டாக்குகிறது; சில இனங்கள் எதிரியைக் கொல்லும் புரதங்களையும் வெளியிடுகின்றன. எல்லாம் முந்தி வந்தால்தான்.

ஆகவே குஞ்சுக்குத் தயிரைவிடக் கோழிக்கென்றே செய்த தூள்தான் மேல், அதுவும் முதல் நாளிலேயே. பெரிய கோழியின் எச்சத்தைக் கலந்து கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், ரத்தக் கழிச்சல் போன்ற வேறு நோய்களும் சேர்ந்து வந்துவிடும்.

தூளுக்கு உண்மையான போட்டி தயிர் அல்ல, ஆன்டிபயாட்டிக் பொடி. நோய் வருமுன்னே தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுவிடும் பழக்கம் கோழி வளர்ப்பவர்களிடம் இருக்கிறது. பார்வைக்கு வேகமான பலன்தான். ஆனால் அது நல்லதையும் கெட்டதையும் சேர்த்துத் துடைத்துவிட்டு, தப்பிப் பிழைத்த முரட்டுக் கிருமிக்கு நிலத்தைப் பட்டா போட்டுக் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006இல் நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கால்நடைத் தீவனத்தில் சேர்க்க 2019இல் மலேசியாவும் தடை விதித்தது. நோய் வந்த கோழிக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்து வேறு. வராத கோழிக்கு நாமாகப் போடுவது வேறு. இரண்டாவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அந்த முட்டையை நம் பிள்ளைகள்தான் சாப்பிடுகிறார்கள்.

மாட்டுக்கன்றின் கணக்கு இன்னும் நெருக்கடியானது. கன்றுக்கும் தூள் விற்கிறார்கள். ஆனால் பிறந்த கன்றின் ரத்தத்தில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அனேகமாக இல்லை. அவை சீம்பால் வழியாகத்தான் வந்தாக வேண்டும். குடல் அந்தப் புரதங்களை முழுசாக உள்ளே விடும் வழி சுமார் ஒரு நாளில் மூடிக்கொள்கிறது. முதல் ஆறு மணி நேரம்தான் பொன்னானது. லயத்து வீட்டில் நாங்கள் மாடு வைத்திருந்த காலத்தில், மாடு ஈன்றால் சீம்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்து, வரிசை வீடுகளுக்கெல்லாம் கிண்ணத்தில் அனுப்புவது வழக்கம். அம்மா மட்டும் முதல் கறவையைத் தொடவிடமாட்டார். "கன்று வயிறு நிறையட்டும், மிச்சம் இருந்தால் நமக்கு" என்பார். எந்தத் தூளும் அந்த முதல் கறவைக்கு ஈடில்லை. சீம்பால் குடித்த கன்றுக்குத் தூள் துணையாகலாம், அவ்வளவுதான்.

மனிதக் குழந்தைக்கும் அந்த முதல் நாள்கள் உண்டு. ஒடிசாவின் கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. லாக்டோபேசில்லஸ் பிளான்டேரம் என்ற இனத்தை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் நோயோ மரணமோ நேர்ந்த குழந்தைகள் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 விழுக்காடாகக் குறைந்தனர். படித்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆனால் அவர்கள் நலமாகப் பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள். கொடுத்தது ஆய்வுக்கென்று தேர்ந்த ஒரே இனம். இதைக் காட்டி யாரும் பச்சைக் குழந்தைக்குக் கடைப் பானத்தைப் புகட்டக் கூடாது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றால் ரத்தத் தொற்று நேரலாம் என்று 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்க முடியாத சர்க்கரைகள் இருக்கின்றன. அவை நல்ல பாக்டீரியாவுக்கான தீனி. விதையும் உரமுமாகத் தாயே கொடுக்கிறாள்.

நலமாக இருக்கும் பெரியவர்களுக்குத் தயிரா போத்தலா? தயங்காமல் தயிர் என்பேன். போத்தலில் எந்த இனம் என்பது தெளிவாக இருக்கிறது, அது அதன் பலம். 1930இல் ஜப்பானியர் மினோரு சிரோத்தா வளர்த்தெடுத்த இனம் இன்றும் அதே பெயரில் விற்பனையாகிறது. ஆனால் சர்க்கரையும் கூடவே வருகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் மட்டும் அது 31.4 விழுக்காடு. நம் வீட்டுக் குளிர்பெட்டியில் இனிப்புப் போத்தலை அடுக்குமுன் இந்த எண்ணை நினைக்க வேண்டும். தயிர் தொற்றைத் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை; பால் செரிக்காதவர்களுக்கு உதவும், உணவாக நல்லது. அது போதும்.

கேப்சூல் முந்தும் இடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கும்போது வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க ரம்னோசஸ் ஜிஜி என்ற இனத்தை ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். மருந்தோடு முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும், இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி விட வேண்டும். அதே இனத்தை, குடல் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்தபின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் 971 குழந்தைகள் இருந்தார்கள். பயனில்லை என்று 2018இல் முடிவு வந்தது. என் குஞ்சுகளின் கதையேதான்.

முதியவர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தாலும் உறுதியில்லை. பிரிட்டனில் 65 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 3,000 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2013இல் வந்தது. கேப்சூல் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வயிற்றுப்போக்கில் வேறுபாடு இல்லை. கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்கு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்த நெதர்லாந்து ஆய்வில், கொடுத்தவர்களில் 16 விழுக்காட்டினர் இறந்தார்கள். கொடுக்காதவர்களில் 6 விழுக்காடு. அது 2008. தீவிர நோயில் படுத்திருப்பவருக்கு "நல்லதுதானே" என்று நாமாக எதையும் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. மருத்துவரைக் கேளுங்கள்.

இப்போது புதிய முட்டைகளை அடை வைத்திருக்கிறேன், இந்த முறை தாய்க்கோழியிடமே. பிந்திப் பொரிப்பவற்றுக்குத் தூள் வாங்கி, கொல்லைப்புற வெயில் படாமல் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். இனப் பெயரும் காலாவதி நாளும் அச்சிட்ட பொட்டலமாகப் பார்த்து எடுத்தேன். குழாய் நீரின் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்பதால், நீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கலக்கப் போகிறேன்.