ஆளுக்கொரு மெசேஜ் டோன்: எந்த வழி நிஜமாகவே கைகொடுக்கிறது?

எல்லா மெசேஜுக்கும் ஒரே 'டிங்' என்றால் அந்தச் சத்தம் வந்தும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். மகன் காலேஜிலிருந்து பஸ் ஏறிவிட்டான் என்ற தகவல், ரீசார்ஜ் ஆஃபர், கணக்கில் பணம் கழிந்த செய்தி, எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சமையலறையில் கை ஈரமாக நிற்கிறோம், அல்லது வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம். ஓரங்கட்டிப் பார்க்க வேண்டிய மெசேஜா, வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் போதுமா என்று சத்தத்தை வைத்தே தெரிய வேண்டும். டோன் மாற்றுவது அலங்காரத்துக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். எனக்கு அது வசதிக்கான வேலை, அதிலும் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவசியமான வேலை.

ஆண்ட்ராய்டில் இதற்குப் பல வழிகள் இருக்கின்றன: போனோடு வரும் கூகுள் மெசேஜஸ், சாம்சங் போன்களின் தனி ஏற்பாடு, டெக்ஸ்ட்ரா போன்ற வெளி ஆப்கள், அப்புறம் நாம் அதிகம் புழங்கும் வாட்ஸ்அப். எது யாருக்குச் சரிப்படும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கான்டாக்ட்ஸ் ஆப்பில் ஒருவர் பெயரைத் திறந்து 'செட் ரிங்டோன்' கொடுத்தால் அது அழைப்புக்கு மட்டும்தான். 'அம்மாவுக்குத் தனி ரிங்டோன் வைத்தேன், மெசேஜுக்கு அது வரவில்லையே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். மெசேஜ் சத்தம் முழுக்க வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல் மாறியது. அதற்கு முன்பு எந்தச் சத்தம் ஒலிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆப்பும் தானே வைத்துக்கொண்டது. 8-ஆம் பதிப்பில் 'நோட்டிஃபிகேஷன் சேனல்' என்ற முறை வந்தது. ஆப் தன் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரித்துக் கொடுக்கும். அந்த வகைக்கு என்ன சத்தம், அதிர்வு வேண்டுமா, வாயை மூட வேண்டுமா என்பதைப் போனின் செட்டிங்ஸில் நாம் முடிவு செய்யலாம். நாம் ஒருமுறை வைத்துவிட்டால் ஆப் அதை மாற்ற முடியாது. 2020-ல் ஆண்ட்ராய்டு 11 இன்னொரு படி போய், ஒவ்வொரு உரையாடலுக்கும் தனித்தனி சேனல் என்ற வசதியைக் கொண்டுவந்தது. இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையே அதுதான். உங்கள் போனில் 11 அல்லது அதற்கு மேல் இருந்தால், டோன் மாற்றுவதற்காக மட்டும் தனி ஆப் தேட வேண்டியதில்லை.

கூகுள் மெசேஜஸ்

கூகுளின் சொந்த போனான பிக்சலில் மட்டுமில்லாமல் வேறு பல கம்பெனி போன்களிலும் இப்போது இதுதான் எஸ்எம்எஸ் ஆப். குறிப்பிட்ட ஆளின் உரையாடலைத் திறந்து, மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'டீட்டெயில்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால் அந்த ஒருவருக்கான பக்கம் திறக்கும். அங்கே 'பிரியாரிட்டி', 'டீஃபால்ட்', 'சைலன்ட்' என்று மூன்று நிலை இருக்கும். சைலன்ட் தேர்வாகியிருந்தால் சத்தம் மாற்றும் வரி கண்ணுக்கே படாது. 'என் போனில் அந்த ஆப்ஷனே இல்லை' என்று சொல்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். டீஃபால்ட் அல்லது பிரியாரிட்டியைத் தொட்டதும் 'சவுண்ட்' தெரியும்.

இந்த 'பிரியாரிட்டி'தான் இதன் பெரிய பலம். பிரியாரிட்டி கொடுத்த ஆளின் மெசேஜ் அறிவிப்புத் திரையில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். தொந்தரவு வேண்டாம் என்று 'டு நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டுத் தூங்கினாலும், அதன் செட்டிங்ஸில் பிரியாரிட்டி உரையாடல்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து வைத்தால், அந்த ஆளின் டோன் ஒலிக்கும். வெளியூரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு, கர்ப்பமாக இருக்கும் தங்கைக்கு, இரவுப் பணியில் இருக்கும் கணவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

குறை என்றால், டோனை வைத்தபின் எதை யாருக்கு வைத்தோம் என்பதை ஒரே பட்டியலாகப் பார்க்க வசதி போதாது. ஒவ்வொரு உரையாடலாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். மூன்று நான்கு பேருக்கு வைப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. முப்பது பேருக்கு வைக்க நினைத்தால் சலித்துப் போகும். ஆனால் முப்பது டோனை எந்தக் காதும் பிரித்தறியாது என்பதால் இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சாம்சங்

சாம்சங்கில் ஒரு வசதி கூடுதல், ஒரு சிக்கலும் கூடுதல். வசதி இது: சத்தம் தேர்வு செய்யும் பக்கத்தின் மேலே ஒரு '+' குறி இருக்கும். அதைத் தொட்டு, போனில் இருக்கும் எந்த ஆடியோவையும் நேரடியாகச் சேர்க்கலாம். கோப்பை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை.

சிக்கல், சாம்சங் தன் போன்களுக்காக ஆண்ட்ராய்டை மாற்றியமைத்துத் தரும் ஒன் யுஐயின் புதிய பதிப்புகளில் சேனல்கள் ஒளிந்திருப்பது. செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று உள்ளே போய், 'மேனேஜ் நோட்டிஃபிகேஷன் கேட்டகரீஸ் ஃபார் ஈச் ஆப்' என்ற ஸ்விட்சை ஆன் செய்ய வேண்டும். அது பூட்டிய கதவுபோல. திறக்காதவரை எந்த ஆப்புக்குள் போனாலும் வகை பிரித்துக் காட்டாது, ஆன் / ஆஃப் அளவில் நின்றுவிடும். பழைய போனில் எளிதாக வைத்தவர் புதிய கேலக்ஸியில் தடுமாறுவது இதனால்தான். இவ்வளவு பயனுள்ள ஸ்விட்சை இப்படி ஆழத்தில் அணைத்து வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆன் செய்துவிட்டால் அதற்கப்புறம் பிரச்சினை இல்லை.

வெளி ஆப்கள்

டெக்ஸ்ட்ரா போன்றவற்றின் பெயர் டோன் விஷயத்தில் அடிக்கடி அடிபடும். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. ஆளுக்கொரு டோன், ஆளுக்கொரு நிறம் என்றெல்லாம் ஆண்ட்ராய்டு தராத நாட்களில் அவை தந்தன. இப்போதும் பழைய போன் வைத்திருப்பவருக்கு இது நல்ல வழி.

மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம், எஸ்எம்எஸ் ஆப்பை மாற்றுவது என்றால் அந்த ஆப்பைப் போனின் இயல்பான மெசேஜ் ஆப்பாக ஆக்க வேண்டும். அதன்பின் பேங்க் ஓடிபி உட்பட ஒவ்வொரு குறுஞ்செய்தியும் அதன் கண்ணில் படும். ஒரு 'டிங்' மாற்றுவதற்கு இந்த விலை அதிகம். இரண்டாவது, படம், வீடியோ எல்லாம் தரமாக அனுப்ப உதவும் ஆர்சிஎஸ் அரட்டை இந்த ஆப்களில் வராது. கூகுள் மெசேஜஸில் பழகியவருக்கு அது உடனே உறுத்தும்.

வாட்ஸ்அப், டெலிகிராம்

இவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் வேலை எளிது. வாட்ஸ்அப்பில் ஆளின் பெயரைத் தொட்டு நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போனால் அந்த ஆளுக்கு, அல்லது அந்தக் குரூப்புக்கு, தனி டோன் வைக்கலாம். மெசேஜுக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று என்று பிரிக்கவும் முடியும். வாட்ஸ்அப்பின் பொது செட்டிங்ஸில், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் 'கான்வர்சேஷன் டோன்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே, அது சாட் திறந்திருக்கும்போது கேட்கும் சின்னச் சத்தம். அதை ஆன் / ஆஃப் செய்யலாமே தவிர மாற்ற முடியாது. டெலிகிராம் 2022-லிருந்து, அரட்டையில் வந்த குட்டி ஆடியோவையே அறிவிப்பு டோனாகச் சேமிக்க விடுகிறது. மற்றவர்களும் இதைப் பின்பற்றினால் நன்றாக இருக்கும்.

பேங்க் மெசேஜுக்குத் தனி டோன் வைக்க முடியுமா?

பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இதுதான். இந்தியாவில் இதற்கு நேரான பதில் கொஞ்சம் ஏமாற்றமானது. ஆளுக்கொரு டோன் முறை, ஒரே எண்ணிலிருந்து மெசேஜ் வந்தால்தான் வேலை செய்யும். பேங்க் அனுப்பும் மெசேஜின் தலைப்பை, அதாவது அனுப்பியவர் பெயர் வரும் இடத்தை, கவனியுங்கள். பேங்கைக் குறிக்கும் எழுத்துகளுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும். முதல் எழுத்து எந்தத் தொலைபேசி நிறுவனம் வழியாக வந்தது என்பதையும், இரண்டாவது எந்தத் தொலைபேசி வட்டத்திலிருந்து (சேவைப் பகுதியிலிருந்து) வந்தது என்பதையும் சொல்லும். இன்றைக்கு ஒரு நிறுவனம் வழியாக வரும், நாளைக்கு இன்னொன்று வழியாக வரும். ஒரே பேங்கின் மெசேஜ்கள் மூன்று நான்கு உரையாடல்களாகச் சிதறிக் கிடப்பது இதனால்தான். 2025-லிருந்து கடைசியிலும் ஒரு எழுத்து சேர்ந்திருக்கிறது: விளம்பரத்துக்கு 'பி' (P), சேவைக்கு 'எஸ்' (S), பரிவர்த்தனைக்கு 'டி' (T), அரசுக்கு 'ஜி' (G). விளம்பரத்தைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. ஆனால் ஒரு உரையாடலுக்கு வைத்த டோன் அடுத்த தலைப்பில் வரும் மெசேஜுக்குப் பொருந்தாது.

அதனால் தலைகீழாகச் செய்வதே சரி. நம் ஊரில் ஆட்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில். எஸ்எம்எஸ் பெட்டிக்கு வருவது பேங்க், ஓடிபி, கேஸ் புக்கிங், கரண்ட் பில், அப்புறம் விளம்பரம். எனவே கூகுள் மெசேஜஸின் 'இன்கமிங் மெசேஜஸ்' சேனலுக்கு முழுக்க ஒரே டோன், வேறு எந்த ஆப்பிலும் இல்லாத டோன், வைத்துவிடுங்கள். அந்தச் சத்தம் கேட்டால் பணமோ அரசோ சம்பந்தப்பட்டது என்று காது பழகிவிடும். 'பி' என்று முடியும் விளம்பர உரையாடல்களை மட்டும் சைலன்டில் போடுங்கள். 1909-ஐ அழைத்தோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் டிஎன்டி (DND) ஆப் வழியாகவோ விளம்பரங்களைத் தடுத்துக்கொண்டால் அந்த வேலையும் குறையும். சொந்தக்காரர்களுக்கான தனி டோன்களை வாட்ஸ்அப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

இதில் இவ்வளவு அக்கறை காட்டக் காரணம் இருக்கிறது. நம் தவறும் பேங்க் தவறும் இல்லாமல், மூன்றாம் ஆள் கைவரிசையில் பணம் போனால், பேங்கின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டது. சைபர் மோசடிக்கான 1930 எண்ணிலும் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. அந்த நேரக் கணக்கு ஒரு மெசேஜைக் கவனித்ததில் தொடங்குகிறது.

என்ன சத்தம் வைப்பது?

பிடித்த பாட்டை அப்படியே வைக்காதீர்கள். அறிவிப்புச் சத்தம் கோப்பு முடியும்வரை ஓடும். நாலு நிமிடப் பாட்டை வைத்தால், அறிவிப்புத் திரையை இழுத்தோ வேறு வழியிலோ நிறுத்தும்வரை பாடிக்கொண்டே இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று வினாடி போதும்.

வயதானவர்களுக்குக் கீச்சென்ற மணிச் சத்தம் வேண்டாம். வயது ஏற ஏற முதலில் குறைவது உச்சஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அதற்காக மிருதங்கத் தொப்பிபோல் அடி ஸ்தாயியில் வைத்தால் போனின் குட்டி ஸ்பீக்கரால் அதைச் சரியாக எழுப்ப முடியாது. நடுத்தர ஸ்தாயியில், டக் டக் என்று இரண்டு தட்டு இருக்கும் ஒலி குக்கர் விசிலுக்கும் டிவி சத்தத்துக்கும் நடுவில் தெளிவாக விழும்.

எல்லாவற்றையும் விட நல்லது மனிதக் குரல். என் அம்மாவின் போனில் எஸ்எம்எஸ் வந்தால், பேத்தியின் குரல் "பாட்டி, பேங்க் மெசேஜ்!" என்று சொல்லும். வாய்ஸ் ரெக்கார்டரில் பதிவு செய்து, முன்னும் பின்னும் இருந்த மௌனத்தை வெட்டியதோடு வேலை முடிந்தது. கண்ணாடி போடாமல், போனைக் கையில் எடுக்காமல், என்ன வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வாட்ஸ்அப்புக்கு அதே குரலில் வேறு வார்த்தை.

சாம்சங்கில் அந்தப் பதிவை '+' குறி வழியாகச் சேர்க்கலாம். பிக்சலில் 'மை சவுண்ட்ஸ்' பகுதியில் அதே '+' இருக்கும். மற்ற போன்களில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, இன்டர்னல் ஸ்டோரேஜில் இருக்கும் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைத்தால் டோன் பட்டியலில் பெயர் தெரியும். எம்பி3, எம்4ஏ, ஓஜிஜி எல்லாம் ஏற்கும். கோப்பை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலோ மெமரி கார்டிலோ விட்டுவைக்காதீர்கள். யாராவது இடம் காலி செய்யும்போது அழித்துவிட்டால் டோன் பழையபடி மாறிவிடும், அல்லது சத்தமே வராது.

என் தேர்வைக் கேட்டால்: ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் உள்ள எந்தப் போனிலும் கூகுள் மெசேஜஸும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தாலே போதும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு டோன், வாட்ஸ்அப்புக்கு ஒரு பொது டோன், அதற்குள் மிக முக்கியமான மூன்று நான்கு பேருக்கு மட்டும் தனி டோன். சாம்சங் வைத்திருப்பவர் அந்த ஒளிந்திருக்கும் ஸ்விட்சை மறக்காமல் ஆன் செய்ய வேண்டும். டெக்ஸ்ட்ரா வகை ஆப் பழைய போனுக்கு மட்டும்.

வைத்து முடித்ததும், சாட்டை மூடி, திரையை அணைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து மெசேஜ் அனுப்பிப் பாருங்கள். உரையாடல் திறந்தே இருந்தால் அறிவிப்பு டோன் ஒலிக்காது. அதைப் பார்த்துவிட்டு டோன் மாறவில்லை என்று மறுபடி செட்டிங்ஸைக் கிளறுபவர்கள் நிறைய. அப்படியும் சத்தம் வரவில்லை என்றால் வால்யூம் பட்டனை அழுத்தி, விரியும் பட்டியலில் நோட்டிஃபிகேஷனுக்கான கோட்டைத் தனியாகப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து அது ரிங் வால்யூமிலிருந்து பிரிந்துவிட்டது, சாம்சங்கில் அதற்கு முன்பே தனியாக இருக்கிறது. அழைப்பு கணீரென்று ஒலிக்கும் போனில் மெசேஜ் மட்டும் ஊமையாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கோடு பூஜ்யத்தில் நிற்கும்.