126 ஃப்ரேமில் 130 வீல்: ஃப்ரேமை விரிக்கவா, ஹப்பைக் குறைக்கவா?

பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளில் பின்சக்கர இடைவெளி 126 மி.மீ., கையில் உள்ள வீலின் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 130. நாலே மில்லிதான், ஆனால் சுலபமாக உள்ளே போகாது.

செலவு: விரிக்க நீளக் கட்டையும் நூலும் போதும். ஹப்புக்கு ஸ்பேனர், ரம்பம், ஸ்போக் சாவி.

வேலை: விரிப்பதென்றால் கட்டையால் நெம்பி, பக்கத்துக்கு 2 மில்லி. ஹெட் ட்யூபை (ஹேண்டில்பார் இறங்கும் முன்குழாய்) சுற்றி இரு டிராப்அவுட்டுக்கும் (பின்சக்கர ஆக்சில் உட்காரும் பிளவுகள்) நூல் கட்டி, சீட் ட்யூபுக்கு (சீட் இறங்கும் குழாய்) இருபுறமும் நூல் சம தூரமா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் எப்போதும் முந்திக்கொண்டு வளையும், பாவி! கடைசியில் டிராப்அவுட்டுகளை இணையாக நிமிர்த்தணும்.
ஹப்பைக் குறைப்பதென்றால் இடப்பக்க ஸ்பேசரில் (ஆக்சிலில் மாட்டும் இடைவெளி வளையம்) 4 மில்லி எடுத்து, ஆக்சிலையும் வெட்டி, ரிம்மை 2 மில்லி வலப்பக்கம் இழுக்கணும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: விரித்த ஸ்டீல் அப்படியே நிற்கும். குறைத்த வீலில் இடப்பக்க ஸ்போக்குகள் தளர்வாகவே இருக்கும்.

ஸ்டீல் என்றால் விரிப்பேன். அலுமினியம், கார்பன் ஃப்ரேமை வளைக்கவே கூடாது, ஹப்பைத்தான் தொடணும்.