மதச் சுதந்திரமும் மனித உரிமையும்: ஆறு வார இணையப் படிப்பு எப்படி இருந்தது?

மனித உரிமை ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் வேலை. மதம் பற்றிய பிரிவுகள் வந்தாலே ஒவ்வொரு சொல்லிலும் தடுமாறுவேன். அதனால்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

இரண்டாவது வாரத்துக்காக மட்டுமே கூடச் சேரலாம். ஐ.நா.வின் 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு, மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை வெளிப்படையாகவே சொல்கிறது. லெபனான் பிரதிநிதி சார்லஸ் மாலிக் அதற்காக வாதாடினார். சவூதி அரேபியா எதிர்த்தது, கடைசியில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானின் ஜஃபருல்லா கானோ குர்ஆனை எடுத்துக்காட்டியே ஆதரித்தார். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966 ஐ.நா. உடன்படிக்கையில் 'மாற்றிக்கொள்ள' போய், 'கொண்டிருக்க அல்லது ஏற்க' என்று ஆகிவிட்டது. இந்த வரியை எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன், அது பேரம் பேசி வந்த சொல் என்று தெரியாமலே. அந்தப் பாடத்தை மூன்று முறை கேட்டேன்.

ஐ.நா.வின் மத அவமதிப்புத் தீர்மானங்கள் பற்றிய பாடமும் தெளிவு. 1999இல் பாகிஸ்தான் தொடங்கிவைத்த அந்த முயற்சி, 2011இல், மதத்தைக் காப்பதை விட்டு, நம்புகிற மனிதரைக் காக்கும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 16/18 தீர்மானமாக மாறிய கதை அது.

ஏமாற்றம் ஐந்தாவது வாரம். ஐரோப்பா உலகுக்கு நெறிகளை வகுத்துத் தரும் சக்தி என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டு பாடம் நகர்கிறது. இத்தாலிய வகுப்பறைச் சிலுவை 'அடிப்படையில் செயலற்ற சின்னம்' என்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011இல் சொன்னதைக் கற்பித்தார்கள். அதே நீதிமன்றம் 2001இல் சுவிஸ் ஆசிரியை ஒருவரின் தலைமுக்காட்டை 'வலிமையான வெளிப்புறச் சின்னம்' என்று சொல்லி அவர் மனுவைத் தள்ளியதை ஏன் விட்டார்கள்? பிரான்சின் முகத்திரைத் தடையை அந்த நீதிமன்றம் 2014இல் ஏற்றது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2018இல் அதே சட்டத்தை உரிமை மீறல் என்றது. இதற்கு ஒரே ஒரு வரிதான்! யார் நெறி செல்லும் என்பதுதானே கேள்வியே. நேரடி வகுப்பில் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லை என்றார்கள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, தலைமுக்காட்டுக்காக வேலையை விட்டவர்களுக்கும் இந்தப் பாடம் போய்ச் சேர வேண்டுமே.

மற்றபடி காணொளிகள் நிதானமான வேகம், எழுத்துவரியும் உண்டு. கட்டுரைக்கு மதிப்பெண் மூன்று வாரம் தாமதமாக வந்தது, கருத்து இரண்டே வரி.

சேர்வதாக இருந்தால், ஐந்தாம் வாரத்துக்கு முன் அந்த நீதிமன்ற முடிவுகள் மூன்றையும் நீங்களே படித்துவிடுங்கள். நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அப்புறம் ஐ.நா. குழுவின் 2018 முடிவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.