சொந்தம் சொல்வது ஓடா, மைட்டோகாண்ட்ரியாவா?

காட்பாடியில் என் மேசைமேல் மாமல்லபுரத்தில் வாங்கிய இரண்டு விசிறிச் சிப்பி ஓடுகள் இருக்கின்றன. ஒன்றைத் தடவினால் நகம் வரிமேட்டில் தடுக்கும். மற்றது வழவழவென்று தட்டை. ட்யூஷன் பிள்ளைகள் கேட்பார்கள்: "சார், இது ரெண்டும் சொந்தமா?"

ஓட்டைப் பார்த்துச் சொல்வது பழைய வழி. செலவில்லை. ஆனால் ஏமாற்றிவிடும். நீரில் சறுக்கி நீந்தும் சிப்பிகளின் வழுவழு ஓடு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. முகஜாடையை வைத்துப் பங்காளி என்று முடிவுகட்டுவது போலத்தான்.

செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, உட்கருவில் இருப்பது போக, தனி டிஎன்ஏ உண்டு. அது ஆழமாகப் பேசும். மனிதனுக்கு அது 16,569 எழுத்து (டிஎன்ஏ சங்கிலியின் அலகு) நீளம். பிளாக்கோபெக்டன் என்ற வட அட்லாண்டிக் சிப்பிக்கு 30,000-க்கும் மேல். காரணம், ஒரே துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வருவது. முதுகெலும்பிகளில் பெரும்பாலும் நிலையாக இருக்கும் மரபணு வரிசை, இங்கே பேரினத்துக்குப் பேரினம் தாறுமாறாக இடம் மாறியிருக்கிறது. அந்த மாற்றமே உறவுக்குத் தடயம். புரத மரபணுக்களின் எழுத்துகளை ஒப்பிட்டால் கிளை இன்னும் தெளியும்.

இதிலும் குறை உண்டு: மொத்தத் தொகுதியும் சேர்ந்தே கடத்தப்படுவதால் ஒரே வம்சக் கதைதான் கிடைக்கும், உட்கரு மரபணுக்களையும் கேட்க வேண்டும். இருந்தாலும் தசைத்துண்டு கையில் இருந்தால் நான் மைட்டோகாண்ட்ரியா பக்கம். கல்லாகிப்போன சிப்பிக்கு மட்டும் ஓட்டைத்தான் பார்ப்பேன்.